வீட்டு வளவும் கடை வளவும் முட்டும் எல்லையில் மறைப்பு யார் போட வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் இருபது பேர்ச் வளவில் உங்கள் வீடு. பின்வேலிக்கு அப்பால் இதுவரை வெறுங்காணியாகக் கிடந்த இடத்தில் இரண்டு மாடியில் ஹாட்வெயார் கடையும் களஞ்சியமும் கட்ட அத்திவாரம் வெட்டியிருக்கிறார்கள். பிளான் பாஸ் ஆகிவிட்டதா என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் வளவு வதிவிட வலயம், வீதி முகப்பில் இருக்கிற அந்தக் காணி வர்த்தக வலயம் என்று மாநகர சபையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இப்படி இரண்டு வலயங்கள் முட்டுகிற எல்லையில் கடைக்காரர் மறைப்புப் போட்டே ஆக வேண்டும் என்று வாசித்திருக்கிறீர்கள். இங்கும் அப்படிச் சட்டம் இருக்கிறதா, செலவு யாருடையது என்பது நீங்கள் கேட்டது. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: மேல்மாடி ஜன்னல் திறந்தால் அம்மாவும் தங்கச்சியும் கிணற்றடிக்கு எப்படிப் போவது என்று. உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். ஏனென்றால் சட்டம் கேட்கிற மறைப்பு முழுவதையும் கடைக்காரர் போட்டுவிட்ட பிறகும் உங்கள் கிணற்றடி திறந்தபடியே கிடக்கலாம்.

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் உள்ளூராட்சி சபைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பல வருடம் வேலை செய்தவன் நான். கட்டிட விண்ணப்பங்களைப் பார்ப்பதும், காணிக்குப் போய் அளப்பதும், திட்டமிடல் குழுவுக்கு அறிக்கை எழுதுவதும்தான் வேலை. இப்போது வீட்டுப் பிளான் கீறிக் கொடுக்கிறேன். சட்டத்தரணி அல்ல. அதனால் அனுமதி, அளவு, கட்டுமானம் பற்றி உறுதியாகச் சொல்வேன். வழக்கு என்று வருகிற இடத்தில் என் பேச்சை ஒரு வழிகாட்டலாக மட்டும் எடுங்கள்.

அமெரிக்கக் கதையை முதலில் பார்ப்போம், நீங்கள் வாசித்தது பிழையில்லை. நகரத்தை வலயங்களாகப் பிரித்து, இங்கே வீடு, அங்கே கடை, அதற்கப்பால் தொழிற்சாலை என்று கோடு போடும் முறை நியூயோர்க்கில் 1916இல் நகரம் முழுவதற்குமாக வந்தது. 1926இல் ஒஹாயோ மாநிலத்து யூக்கிளிட் என்ற சிறிய ஊரின் வழக்கில் அந்த நாட்டு உயர் நீதிமன்றம் இந்த முறையை ஏற்றுக்கொண்டது. பிறகு ஊருக்கு ஊர் வலயம் வந்தது. கோடு எங்கோ ஓரிடத்தில் விழத்தானே வேண்டும்? விழுந்த இடத்தில் ஒருவரின் படுக்கையறையும் இன்னொருவரின் குப்பைத் தொட்டியும் முதுகோடு முதுகு நிற்கும். அதைச் சமாளிக்கத்தான் மறைப்பு விதிகள் வந்தன. அவை நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் அல்ல, ஒவ்வொரு ஊரும் தானே எழுதிக்கொண்டவை. பெரும்பாலானவற்றில் சாரம் ஒன்றுதான்: வதிவிட வலயத்தைத் தொடுகிற பக்கத்தில் ஏறக்குறைய ஆறடி உயரத்துக்கு ஊடே தெரியாத மதில் அல்லது வேலி, இல்லாவிட்டால் வருடம் முழுவதும் இலை உதிராத மரவரிசை, சில இடங்களில் இரண்டும். வாகனத் தரிப்பிடம், சரக்கு இறக்கும் இடம், வெளியே குவித்து வைக்கிற சாமான் ஆகியவற்றுக்குத் தனியாகவும் மறைப்புக் கேட்பார்கள். சந்தியிலும் வாகனம் வெளியே வருகிற வாசலிலும் மட்டும் சாரதிக்குப் பாதை தெரிய மறைப்பைத் தாழ்த்தச் சொல்வார்கள். நட்ட மரம் பட்டுப்போனால் திரும்ப நட வேண்டும் என்பதும் பல ஊர்களில் அனுமதியோடு ஒட்டிய கடமை.

அந்த விதிகளில் எனக்குப் பிடித்த இரண்டு விடயம் உண்டு. ஒன்று, கடை, தொழிற்சாலை போன்ற கனதியான பாவனையோடு புதிதாக வருபவர் மேல்தான் பெரும்பாலும் பொறுப்பு விழுகிறது, ஏற்கெனவே குடியிருப்பவர் மேல் அல்ல. மற்றது, மறைப்பு முதலில் பிளானில் காட்டப்பட வேண்டும். கட்டி முடித்த பிறகு கெஞ்சிக் கேட்கிற சங்கதியாக அதை விட்டுவைக்கவில்லை. இந்த இரண்டையும் இங்கே இப்போது இருக்கிற சட்டத்துக்குள்ளேயே செய்ய முடியும் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. ஆனால் அது தானாக நடக்காது. நீங்கள் கேட்டால்தான் நடக்கும், அதுவும் நேரத்தோடு கேட்டால்.

இலங்கையில் கட்டிட அனுமதிக்கு மூன்று அடுக்கு இருக்கிறது. மிகப் பழையது 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். சபைகள் பிளான் பாஸ் பண்ணுகிற அதிகாரத்தின் வேர் அங்கே இருக்கிறது. அடுத்தது 1946இன் நகர, கிராமத் திட்டமிடல் கட்டளைச் சட்டம். மூன்றாவது 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். 1982இல் செய்த திருத்தத்தோடு, அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்த இடங்களில் திட்டம் தயாரிப்பதும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கட்டக்கூடாது என்பதும் உறுதியாகின. அதன் கீழ் நாங்கள் நீண்ட காலம் கையில் வைத்து வேலை செய்த விதிகள் 1986இல் வர்த்தமானியில் வந்தவை. 2021 யூலையில் அவற்றின் இடத்தில் புதிய விதிகள் வந்தன. எல்லையிலிருந்து விட வேண்டிய வெளி, உயரம், காற்றோட்டம், வெளிச்சம், வாகனத் தரிப்பிடம் எல்லாம் அதற்குள் அளவோடு உண்டு.

வர்த்தக வலயம் வதிவிட வலயத்தைத் தொட்டால் இத்தனை அடி மறைப்பு என்று ஒரு வரியைக் காட்டி நாங்கள் எந்தப் பிளானையும் திருப்பி அனுப்பியது கிடையாது. அமெரிக்க ஊர்களில் இருப்பது போல எல்லையோரம் தானாகவே பிறக்கும் உரிமை ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சபைக்குப் போகாதீர்கள். ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே மறைப்பு வருகிற வழி நிபந்தனை. அனுமதி கொடுக்கும்போது திட்டமிடல் குழு நிபந்தனை விதிக்கலாம்: பின் எல்லையில் இத்தனை அடி மதில், இந்தப் பக்கம் ஜன்னல் வேண்டாம், இரவில் சரக்கு இறக்கக் கூடாது என்று. அனுமதிக் கடிதத்தின் அடியில் வரிசையாக வருகிற அந்த வரிகளைக் கட்டுகிறவர்களே பல பேர் வாசிப்பதில்லை. ஆனால் அவற்றுக்குப் பல்லு உண்டு. கட்டி முடித்த பிறகு சி.ஓ.சி. என்று எல்லாரும் சொல்கிற இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும். நிபந்தனை நிறைவேறாவிட்டால் அந்தச் சான்றிதழை மறுக்கலாம்.

ஆகவே முதல் வேலை, பிளான் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிவது. மாநகர சபையின் திட்டமிடல் பிரிவில் காணியின் இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். வாய்ப்பேச்சில் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். தருவதா இல்லையா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கேட்க வேண்டியது மூன்று: அனுமதி வழங்கப்பட்டதா, அதன் நிபந்தனைகள் என்ன, அந்தக் காணிக்கு அங்கீகரித்த பாவனை என்ன. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். கடை என்று பாஸ் எடுத்துவிட்டு அங்கே கம்பி வெட்டுவதும் பலகை அறுப்பதும் நடந்தால் அது வேறு பாவனை. வேறு பாவனைக்கு வேறு அனுமதி வேண்டும்.

பிளான் இன்னும் பாஸ் ஆகவில்லை என்றால் உங்களுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. கடிதம் எழுதுங்கள். கடை கட்ட விட வேண்டாம் என்று எழுதாதீர்கள். வர்த்தக வலயத்தில் கடை கட்டுவது அவருடைய உரிமை, அதை எதிர்க்கிற கடிதம் கோப்பின் அடியில்தான் போய்ச் சேரும். உங்கள் கிணறு எல்லையிலிருந்து எத்தனை அடி, சமையலறை எந்தப் பக்கம், என்ன மறைப்பு வேண்டும் என்று அளவோடு எழுதிக் கையால் ஒரு படமும் கீறி இணையுங்கள். குழுவில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், “அயலவருக்கு இடைஞ்சல்” என்று மொட்டையாக வருகிற கடிதத்தை வைத்து எந்த உத்தியோகத்தராலும் நிபந்தனை எழுத முடியாது. “பின் எல்லையிலிருந்து இருபதடியில் கிணறு இருக்கிறது, மேல்மாடியின் கிழக்கு ஜன்னல்கள் அதை நேரே பார்க்கின்றன” என்று வந்தால் அதை அப்படியே நிபந்தனையாக மாற்றலாம்.

இனி அந்தக் கிணற்றடிக்கு வருவோம். ஏழடி மதில் ஒன்று எழுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். கடைக்காரர் எல்லையிலிருந்து பத்தடி விட்டுக் கட்டுகிறார் என்று வைப்போம். மேல்மாடித் தரை பத்தடி உயரத்தில், நிற்பவரின் கண் அதிலிருந்து ஐந்தடி, ஆகப் பதினைந்தடி. அந்தக் கண்ணிலிருந்து ஏழடி மதிலின் உச்சிக்கு வருகிற பார்வை பத்தடி தூரத்தில் எட்டடி இறங்குகிறது. அதே சரிவில் உங்கள் வளவுக்குள் வந்தால், மதிலைத் தாண்டி இரண்டரை அடியிலேயே ஐந்தடி உயரத்துக்கு இறங்கிவிடும். அதாவது மதிலோடு ஒட்டி இரண்டரை அடிக்குள் நிற்கிறவரின் தலைதான் மறையும். ஒன்பதடிக்கு அப்பால் நிலத்தில் வைத்த வாளியும் தெரியும். இருபதடியில் இருக்கிற கிணற்றடியில் நிற்பவரை எல்லை மதிலால் மறைக்க வேண்டுமென்றால் அந்த மதில் ஏறக்குறைய பன்னிரண்டு அடி உயர வேண்டும். பன்னிரண்டடி மதிலை யாரும் பாஸ் பண்ண மாட்டார்கள். பண்ணினாலும் அதன் நிழலில் உங்கள் வளவு இருண்டுபோகும்.

அதே மறைப்பைக் கிணற்றடிக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். குளிக்கிறவர் நிற்கும் இடத்திலிருந்து நான்கடியில், மேல்மாடியைப் பார்த்த பக்கமாக வைத்தால், ஆறரை அடி போதும். பன்னிரண்டு எங்கே, ஆறரை எங்கே! மறைக்க வேண்டிய இடத்துக்குக் கிட்டக் கிட்ட வர மறைப்பின் உயரம் குறைந்துகொண்டே வரும். எங்கள் முன்னோர் கிணற்றடியைச் சுற்றித் தனியாக ஓலையால் அடைத்தது இந்த விளக்கத்தோடுதான். எல்லைக் கோட்டை மட்டும் பார்க்கிற விதிகள், அமெரிக்காவில் இருப்பவையும் சேர்த்து, ஆறடி ஏழடி மறைப்பால் கீழே நிற்கிற லொறியையும் குவித்த கம்பியையும் நன்றாக மறைக்கும். மேல்மாடிக் கண்ணை மறைக்க அவற்றால் முடியாது.

இதைவிட மலிவான மறைப்பும் ஒன்று இருக்கிறது. அத்திவார நிலையில் இருப்பதால் உங்களுக்கு அது இன்னும் கைக்கு எட்டும். உங்கள் பக்கம் பார்த்த மேல்மாடி ஜன்னல்களின் அடிமட்டத்தைத் தரையிலிருந்து ஆறடிக்கு உயர்த்தச் சொல்லுங்கள். களஞ்சியத்துக்கு வெளிச்சமும் காற்றும்தான் தேவை, காட்சி தேவையில்லை. உயரத்தில் நீளவாக்கில் வைத்த ஜன்னல் அந்த இரண்டையும் கொடுக்கும், சுவரோடு சாமான் அடுக்கவும் கடைக்காரருக்கு இடம் மிஞ்சும். அவருக்கு இதில் ஒரு சதமும் கூடுதல் செலவு இல்லை. மொட்டை மாடியோ வெளிப்படிக்கட்டோ உங்கள் பக்கம் வருகிறதா என்றும் பாருங்கள். ஜன்னலைத் திருத்திவிட்டுப் படிக்கட்டை மறந்த வீடுகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்கில் நம்பிக்கை வராவிட்டால் ஒரு மூங்கில் தடியை எடுங்கள். பதினைந்தடியில் அடையாளம் கட்டி, மேல்மாடிச் சுவர் வரப்போகிற இடத்தில் ஒருவரை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கிணற்றடியில் நின்று அந்த அடையாளத்தைப் பாருங்கள். இடையில் இன்னொருவர் ஒரு சேலையையோ பாயையோ உயர்த்திக்கொண்டு முன்னும் பின்னும் நடக்கட்டும். அடையாளம் எந்த இடத்தில், எந்த உயரத்தில் மறைகிறது என்று அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். அகலத்துக்கும் இதே வேலைதான், ஜன்னல் வரப்போகிற இரண்டு ஓரத்திலும் தடியை மாற்றிப் பிடிக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பயந்து அவர் காணியை மண் போட்டு உயர்த்தியிருந்தால் அந்த உயரத்தையும் தடியில் கூட்டுங்கள். கல்லடியிலும் காத்தான்குடியிலும் இது இப்போது வழமையாகிவிட்டது. இரண்டடி மண் நிரப்பினால் உங்கள் ஏழடி மதில் அவர் பக்கத்திலிருந்து ஐந்தடி மதில்தான்.

மதில் என்று போனால் எங்கள் கரையோர மணலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புளொக் கல்லை ஒற்றை வரியாக நீளத்துக்கு அடுக்கினால் காற்றுக்கு நிற்காது. பத்தடிக்கு ஒரு கொங்கிறீற் தூண், தூண்களை இணைத்து அடியில் ஒரு வளை (பீம்), மேலே ஒரு வளை இல்லாமல் ஏழடிக்குப் போகவே வேண்டாம். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட யாரும் மட்டக்களப்பில் காற்றைச் சின்ன விடயமாக எடுக்க மாட்டார்கள். அடுத்தது தண்ணீர். மாரியில் வெள்ளம் எந்தப் பக்கமாக வடிகிறதோ அந்தப் பக்கத்தை மதில் அடைத்தால் உங்கள் வீட்டு மறைப்பே உங்கள் வீட்டுக்குள் தண்ணீரைக் கட்டிவைக்கும். 2011 சனவரி வெள்ளத்தில் பல வளவுகளில் இதுதான் நடந்தது. நிலமட்டத்தில் வரிசையாகத் துளை விட்டுக் கட்டச் சொல்லுங்கள். அனுமதி நிபந்தனையிலும் இதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

மரம் நடுவதை நான் விரும்புகிறேன், ஆனால் எதை எங்கே என்பது முக்கியம். உப்புக் காற்றுக்கும் மணலுக்கும் பூவரசை மிஞ்ச ஆளில்லை. கம்பை வெட்டி ஊன்றினாலே தளிர்க்கும், இலை அகலம், நிழலும் தரும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் கிட்ட மட்டும் நடாதீர்கள், வேர் தேடிப் போகும். ஆறேழு அடிக்கு அடர்த்தியான வேலி வேண்டுமானால் கிளிசிரியாவும் மருதோன்றியும் நல்லவை. வருடத்துக்கு இரண்டு தரம் தலையை வெட்டினால் அடியில் செழிக்கும், வெட்டாமல் விட்டால் மேலே போய்க் கீழே ஊடே தெரியும். கடற்கரையோரம் நிற்கிற சவுக்கைப் பார்த்து ஆசைப்பட்டு வேலிக்கு நடுகிறவர்கள் உண்டு. அது இளசாக இருக்கும்போது மறைக்கும், வளர்ந்ததும் கண்மட்டத்தில் வெறும் தண்டுதான். தென்னையும் அப்படித்தான். எந்த மரமானாலும் மறைக்கிற உயரத்துக்கு வர இரண்டு மூன்று மாரி எடுக்கும். அதுவரைக்கும் கிடுகோ பச்சை வலையோ கட்டத்தான் வேண்டும்.

ஒரு விடயத்தில் பலர் ஏமாறுகிறார்கள், மரவேலி சத்தத்தையும் தடுக்கும் என்று. கண்ணுக்குத் தெரியாமல் போனால் சத்தம் குறைந்தது போல மனசுக்குத் தோன்றும். காதில் பெரிய வித்தியாசம் இராது. நெருக்கமான காடு நூறடி அகலத்துக்கு இருந்தால்தான் சுமார் ஐந்து டெசிபல் குறையும். கனமான, இடைவெளி இல்லாத மதில் சத்தம் எழுகிற இடத்துக்கும் காதுக்கும் இடையிலான நேர்கோட்டை மறித்தால் அதே ஐந்து டெசிபல் கிடைக்கும். ஆகவே கீழே கிறைண்டரில் கம்பி வெட்டுகிற சத்தத்துக்கு மதில் உதவும், மேல்மாடியிலிருந்து வருகிற சத்தத்துக்கு உதவாது.

சத்தத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, அது மறைப்பைவிட உறுதியானது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வந்த ஒலிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் சத்தம் எழுகிற காணியின் எல்லையில் பகலில் 63 டெசிபல், இரவில் 50. பிரதேச சபை எல்லைக்குள் அது இன்னும் இறுக்கம், 55உம் 45உம். நீங்கள் மாநகர எல்லைக்குள் இருப்பதால் முதல் கணக்கு உங்களுக்கு. காரைதீவிலோ ஆரையம்பதியிலோ இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இரண்டாவது. மர ஆலை, நெல் ஆலை போன்ற தொழில் என்றால் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதிலும் நிபந்தனை போடலாம், காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கும்போது அயலவரின் முறைப்பாடு கோப்பில் இருந்தால் கவனிப்பார்கள். சாமான் விற்கிற கடைக்கு அது தேவைப்படாது. பின்வளவில் அறுப்பதும் வெட்டுவதும் நடந்தால் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

பிளான் ஏற்கெனவே நிபந்தனை இல்லாமல் பாஸ் ஆகியிருந்தால்? கொடுத்த அனுமதியைத் திருப்பி எடுப்பது இலேசில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பிளானில் இல்லாத ஜன்னல் வந்தாலோ, விட வேண்டிய வெளிக்குள் கூரை இறங்கினாலோ அது அனுமதியற்ற கட்டுமானம். அதற்கு நீதவான் நீதிமன்றத்தில் இடிப்புக் கட்டளை பெறும் அதிகாரம் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு உண்டு. பிளானின்படியே கட்டியிருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். பொதுத் தொல்லைக்குக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு இருக்கிறது, தூசி, புகை, நாற்றம், சத்தம் என்றால் பொலிசோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ அதைக் கொண்டு போகலாம். ஆனால் அது ஊருக்குப் பொதுவான தொல்லைக்கு. ஒரு வீட்டுக் கிணற்றடி தெரிகிறது என்பதை அதற்குள் கொண்டுவர முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வெளிச்சத்துக்கோ மறைவுக்கோ அயலவனின் காணிமீது தானாக வருகிற உரிமை எங்கள் காணிச் சட்டத்தில் மிகக் குறைவு, காணி உறுதியில் எழுதியோ நீண்ட காலப் பாவனையாலோ வந்திருக்க வேண்டும் என்றுதான் நான் விளங்கி வைத்திருக்கிறேன். இந்த இடத்தில் உங்கள் உறுதியை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

செலவைக் கேட்டீர்கள். நிபந்தனையாக வந்தால் கட்டுகிறவர் செலவு, மதிலும் அவர் காணிக்குள். நிபந்தனை இல்லாமல் நீங்களாகப் போட்டால் உங்கள் செலவு. பாதிப் பாதி என்று இணங்கி நடு எல்லையில் எழுப்புவதும் உண்டு. அப்படியானால் முதலில் சேவேயரைக் கூப்பிட்டு எல்லைக்கல்லை உறுதிப்படுத்துங்கள். அரையடி உள்ளே போன மதில், பத்து வருடம் கழித்துக் காணியை விற்கப் போகும்போதுதான் பிரச்சினையாக எழும்பும். உயரம், யார் வெள்ளையடிப்பது, யார் திருத்துவது என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். அவர் பக்கம் கொப்பு சாயாமல் வெட்டுவது உங்கள் பொறுப்பு என்றும் எழுதுங்கள். அது அவருக்கு நம்பிக்கை கொடுக்கும்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தரம் கடை முதலாளியோடு நேரே கதையுங்கள், கொந்தராத்துக்காரரோடு அல்ல. அவருக்கும் வீடு இருக்கும், வீட்டில் பெண்பிள்ளைகள் இருப்பார்கள். மூங்கில் தடியையும் கணக்கையும் காட்டி ஜன்னலை ஆறடிக்கு உயர்த்தக் கேட்டால் மறுக்கிறவர்கள் எங்கள் ஊரில் குறைவு. ஆனால் ஓம் என்று சொன்னார் என்பதற்காகக் கடிதத்தை நிறுத்தாதீர்கள். வாக்குக் கொடுத்தவர் நாளைக்குக் கட்டிடத்தை விற்றுவிட்டுப் போகலாம், வாங்கியவரை அந்த வாக்குக் கட்டாது, அனுமதியின் நிபந்தனை கட்டும். எங்கள் வளவுகளில் முன்பு வருடா வருடம் மாரிக்கு முன் கிடுகால் வேலி அடைத்தார்கள். அந்த அடைப்புக்குள் வயதான பெண்கள் மத்தியானத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள், பிள்ளை குளிப்பாட்டினார்கள். காணி துண்டு துண்டாகி மாடி எழும்பும்போது அந்த இடம்தான் முதலில் பறிபோகிறது, அதற்குச் சபையில் முறைப்பாட்டுப் படிவம் கிடையாது. அதனால்தான் அளவோடு எழுதச் சொல்கிறேன். திட்டமிடல் குழு அடுத்து எப்போது கூடுகிறது என்று இந்தக் கிழமையே கேளுங்கள். அதற்கு முன் கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கி வையுங்கள்.